உருகிய வார்ப்பிரும்பிலிருந்து கசடு நீக்குவது எப்படி: பழைய இரும்புக் குவியலிலிருந்து அச்சு வரை

பல வருடங்களுக்கு முன்பு மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பவுண்டரியில் வேலை பார்த்தேன். ஒரு வாரம் முழுக்க ஊற்றிய பம்பு உடல்கள் ஒன்றும் தேறவில்லை. போல்ட்டை முறுக்கும்போதே அதை மாட்டும் காது, அதாவது உடலில் நீட்டியிருக்கும் துளைப் பகுதி, ஒடிந்தது. சில உடல்கள் பிரஷர் டெஸ்டில் வியர்த்தன. ஊற்றிய நாட்களில் இரும்பு கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்லாக்கை, அதாவது மேலே மிதக்கும் கசட்டை, மூன்று தடவை வழித்தோம். கடைசியில் மாதிரியை, எதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பினபோது ஈயம் இருப்பது தெரிந்தது. அந்த வாரம் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தவை பழைய குடிநீர்க் குழாய்கள். அந்தக் காலத்தில் குழாய் இணைப்புகளைச் சணல் திணித்து, மேலே ஈயம் காய்ச்சி ஊற்றி அடைப்பார்கள். அந்த ஈய வளையத்தோடு குழாயை அப்படியே உலையில் போட்டிருந்தோம்.

அங்கே உலை பார்த்த மேஸ்திரி அன்று சொன்னது இது: "தம்பி, மேல மிதக்குறத நான் வழிச்சுப் போட்டுருவேன். உள்ளுக்குள்ள கரைஞ்சத யாரு எடுக்குறது?"

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. கப்பலூரிலோ புதூரிலோ சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர்கள், ஐடிஐ முடித்து உலைப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் வார்க்க நினைப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

மிதப்பதும் கரைவதும்

உருகிய வார்ப்பிரும்பு ஒரு லிட்டர் ஏறக்குறைய 7 கிலோ எடை இருக்கும். அதே ஒரு லிட்டர் கசடு 3 கிலோவைத் தாண்டாது. அதனால் மணல், துரு, உலைச் சுவரிலிருந்து பெயர்ந்த துகள், கோக் (சுட்ட நிலக்கரி) எரிந்த சாம்பல், சிலிக்கானும் மாங்கனீசும் காற்றுப்பட்டு ஆக்சைடு ஆனவை எல்லாம் நேரம் கொடுத்தால் தானாக மேலே வந்துவிடும். இவற்றைத் திரட்டி எடுக்க வேண்டியதுதான் நம் வேலை.

கந்தகம், பாஸ்பரஸ், ஈயம், அலுமினியம், ஹைட்ரஜன், நைட்ரஜன் இவை வேறு ரகம். காபியில் கரைந்த சர்க்கரை போல இரும்புக்குள்ளேயே இருக்கும். எந்தக் கம்பியாலும் வழிக்க முடியாது. இதில் கந்தகத்துக்கு மட்டும் ஓரளவு வைத்தியம் உண்டு. பாஸ்பரஸை எஃகு ஆலைகளில் சுண்ணாம்புக் கசடும் ஆக்சிஜனும் வைத்து எடுக்கிறார்கள். வார்ப்பிரும்பில் அது நடக்காது, ஏனென்றால் பாஸ்பரஸ் எரிவதற்கு முன்னாலேயே நமக்கு வேண்டிய சிலிக்கானும் கார்பனும் எரிந்து போய்விடும். ஆக, கரைகிறவற்றை உலைக்கு வெளியிலேயே தடுத்தாக வேண்டும்.

முதல் படி: குவியலைப் பிரித்தல்

நாளில் பாதி நேரம் இதற்குப் போனாலும் எனக்குச் சம்மதமே. மற்றதெல்லாம் உலையின் வேலை, இது ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருக்கிறது.

தூய வார்ப்பிரும்பு எது என்பதை உடைத்துப் பாருங்கள். சம்மட்டியால் அடித்தால் வளையாமல் உடையும். உடைந்த முகம் சாம்பல் நிறமாக, பென்சில் கரி பூசினது போல இருக்கும். முகம் வெள்ளை வெளேரென்று பளபளத்தால் அது வெள்ளை இரும்பு, அல்லது சிலிக்கான் குறைந்த சரக்கு. அதைத் தனியாக வையுங்கள். அடித்தால் வளைகிறது என்றால் எஃகு. அதைப் போடலாம், ஆனால் எவ்வளவு என்று கணக்கு வேண்டும், கூடவே கார்பனும் ஃபெரோசிலிக்கானும் (இரும்பும் சிலிக்கானும் கலந்தது) சேர்க்க வேண்டும்.

பழைய எஞ்சின் பிளாக், மோட்டார் உடல், லேத் மெஷின் கால், பிரேக் டிரம் இவை நல்ல சரக்கு. ஆனால் எஞ்சின் பிளாக்குக்குள் அலுமினியப் பிஸ்டன் சிக்கியிருக்கும், பேரிங்கில் ஈயமும் தகரமும் கலந்த வெள்ளை உலோகம் ஒட்டியிருக்கும். இரண்டையும் தட்டி எடுத்த பிறகுதான் பிளாக் உலைக்குப் போக வேண்டும். அலுமினியம் நூறில் ஒரு பங்கின் பத்தில் ஒன்று கூட வேண்டாம். அதற்கும் குறைவாக இருந்தாலே ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து இரும்புக்குள் தள்ளிவிடும். பிறகு மெஷினிங் செய்யும்போது தோலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் வெளியே வரும். ஈயத்தின் கொடுமை இன்னும் அதிகம். வார்ப்பிரும்புக்குள் கார்பன் உறைந்து உண்டாகும் கிராஃபைட் இதழ்களின் வடிவத்தையே அது மாற்றிவிடுகிறது. மிகக் குறைந்த அளவிலேயே இரும்பின் பலம் போய்விடும். பழைய பெயின்ட், குழாய் இணைப்பு, பேட்டரி முனை, பேரிங் என்று ஈயம் வரும் வழிகள் பல.

அலங்கார வேலைப்பாடுள்ள பழைய கிராதி, பழைய அடுப்புப் பாகங்கள் போன்றவற்றில் பாஸ்பரஸ் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் மெல்லிய பூ வேலை நன்றாக நிரம்பட்டும் என்று பாஸ்பரஸ் மிகுந்த இரும்பையே எடுத்தார்கள், அது தண்ணீர் போல ஓடும். எடைக்கல் வார்க்க அது போதும். பம்பு உடலுக்கோ தோசைக்கல்லுக்கோ சேர்த்தால் சீக்கிரம் வெடிப்பு விடும்.

ஜிங்க் பூசிய தகடும் குழாயும் கண்டிப்பாக வேண்டாம். துத்தநாகம் (ஜிங்க்) 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவர்களுக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். மூடிய குழாய், ஷாக் அப்சார்பர், வாய் அடைத்த சிலிண்டர் எதுவாக இருந்தாலும் வெட்டித் திறந்த பிறகே போட வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெயோ தண்ணீரோ நொடியில் ஆவியாகி உலையில் இருப்பதை உங்கள் மேல் எறியும்.

நம்முடைய சொந்த ரன்னர், ரைசர் துண்டுகளை (வார்ப்போடு சேர்ந்து உறைந்த உபரி இரும்பு) திரும்பப் போடும்போது ஒட்டியிருக்கும் மணலை, உருட்டும் டம்ப்ளர் மெஷினிலோ எஃகுக் குண்டு அடிக்கும் ஷாட் பிளாஸ்டிலோ உதிர்த்துவிடுங்கள். கசட்டில் பெரிய பங்கு இந்த மணலிலிருந்துதான் வருகிறது. நூறு கிலோ துண்டில் இரண்டு கிலோ மணல் ஒட்டியிருந்தால் அந்த இரண்டு கிலோவையும் நீங்களே உருக்கி, நீங்களே வழிக்க வேண்டும், கரண்டுக் காசும் நீங்களே கட்ட வேண்டும்.

இரண்டாம் படி: ஈரத்தை விரட்டுதல்

ஐப்பசி, கார்த்திகையில் மதுரைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் குவியல் முழுக்கச் செந்துரு ஏறிவிடும். துரு என்பது இரும்பு ஆக்சைடும் ஈரமும். உலைக்குள் போனால் கார்பனையும் மாங்கனீசையும் சிலிக்கானையும் தின்று கசடு ஆகும். உலைச் சுவரின் மணலோடு சேர்ந்து சுமார் 1200 டிகிரியிலேயே உருகும் ஒரு கறுப்புக் கசட்டையும் உண்டாக்கும். சுவர் அரிப்பது அதனால்தான். எனவே சரக்குக்குக் கூரை போடுங்கள், இடமில்லை என்றால் தார்ப்பாயாவது போடுங்கள். அன்றைக்கு உருக்க வேண்டியதை முதல் நாள் சாயங்காலமே உலை ஓரமாக அடுக்கி வைத்தால் காய்ந்துவிடும்.

தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1700 மடங்கு விரியும். ஈரக் கம்பி, ஈர லேடில் (உருகிய இரும்பை ஏந்தும் வாளி), ஈரமான சிமெண்ட் தரை எதுவும் உருகிய இரும்பைத் தொடக் கூடாது. ஊற்றும் இடத்தில் தரைக்குக் காய்ந்த மணல் போடுங்கள். கீழே இரும்பு சிந்தினால் மணலால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். உடுப்பு பருத்தி அல்லது தோல், முகத்துக்கு ஷீல்டு, காலுக்கு ஷூவை மூடும் தோல் உறை. பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பையன்கள் செருப்பு மாட்டிக்கொண்டு லேடில் தூக்குவதை இன்னும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

மூன்றாம் படி: குப்போலா என்றால் சுண்ணாம்புக்கல்

குப்போலா என்பது கோக் எரித்து இரும்பை உருக்கும் உயரமான உருளை உலை. அதில் கோக்கும் இரும்பும் அடுக்கடுக்காகப் போகின்றன. கோக் எரிந்து மிஞ்சும் சாம்பல், மணல், துரு எல்லாம் அப்படியே விட்டால் களி மாதிரி கெட்டியாகி, கோக் மேல் படிந்து, காற்று வரும் வாயையும் அடைக்கும். அதை இளக்கத்தான் சுண்ணாம்புக்கல் போடுகிறோம். சுமார் 900 டிகிரியில் அது சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு மணலோடு கூடி, சுலபமாக உருகி ஓடும் கசடாகிவிடுகிறது.

100 கிலோ இரும்புக்கு 12 கிலோ கோக் என்றால் 3 முதல் 4 கிலோ சுண்ணாம்புக்கல் போதும். நம் சந்தையில் கிடைக்கும் கோக்கில் சாம்பல் அதிகம் என்று தெரிந்தால் 4 பக்கமே நில்லுங்கள். கல் எலுமிச்சை அளவில் இருக்கட்டும். தூளாக இருந்தால் காற்றோடு மேலே பறந்துவிடும். கல்லை நடுவில் போடுங்கள், சுவரை ஒட்டிப் போட்டால் செங்கல்லைத் தின்றுவிடும். விருதுநகர் மாவட்டத்தில் பந்தல்குடிப் பக்கம் வெட்டும் சுண்ணாம்புக்கல் நமக்கு எட்டும் தூரம்தான், ஆனால் லோடுக்கு லோடு தரம் மாறும். உடைத்தால் மண் கலந்து பழுப்பாகத் தெரிகிற கல்லைத் தள்ளிவிடுங்கள், ஏனென்றால் அந்த மண்ணை உருக்கவே பாதிச் சுண்ணாம்பு செலவாகிவிடும்.

கசடு வெளியேறும் துளை இரும்புத் துளையைவிட உயரத்தில் இருக்கும். வெளியே வந்த கசட்டை ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். பாட்டில் கண்ணாடி போலப் பச்சை நிறத்தில் பளபளத்தால் எல்லாம் சரி. கன்னங்கரேல் என்று கனமாக இருந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அடிப்படுக்கைக் கோக் இறங்கிவிட்டது, அல்லது காற்று அதிகம். வெளுத்து, கல் மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது. குப்போலா இருக்கும் கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமில்லை. நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: இண்டக்‌ஷன் உலை என்றால் சூடு

இண்டக்‌ஷன் உலை கரண்டில் உருக்குவது. அதில் சுண்ணாம்பு போடாதீர்கள். உள் சுவர் மணல் சேர்ந்த ரேமிங் மாஸால் (இடித்துக் கெட்டிப்படுத்தும் கலவை) ஆனது, சுண்ணாம்பு அதையே கரைக்கும். போராக்ஸ், ஃப்ளூர்ஸ்பார் போட்டால் கசடு தண்ணீர் போல இளகும் என்று சிலர் சொல்வார்கள். இளகும், உண்மைதான். ஆனால் இங்கே நமக்குக் கசடு இளகக் கூடாது, கெட்டிப்பட்டால்தான் தூக்கி எடுக்க முடியும். பச்சைக் கட்டையை உள்ளே விட்டுக் கலக்கும் பழக்கமும் வேண்டாம். அது செம்பு உருக்குகிறவர்களின் முறை, இரும்பில் ஆவியும் தெறிப்பும்தான் மிச்சம்.

இந்த உலையில் சுத்தம் செய்வது வெப்பநிலை. கார்பன் 3.4, சிலிக்கான் 2 சதவீதம் உள்ள சாதாரண இரும்பில் சுமார் 1420 டிகிரி ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே சிலிக்கான் ஆக்சிஜனைப் பிடித்து மேலே மெல்லிய ஏடு கட்டும், பால் ஆறும்போது ஆடை விழுவது போல. அதற்கு மேலே போனால் கார்பன் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாக வெளியேறும், ஏடு கலையும், இரும்பின் முகம் தெளியும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள் பைரோமீட்டர் (சூடு அளக்கும் கருவி) இல்லாவிட்டாலும் ஓரளவு சூட்டைச் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் பைரோமீட்டர் வாங்குங்கள்.

1480 முதல் 1500 வரை ஏற்றி ஐந்து நிமிடம் நிறுத்தினால் சின்னச் சின்ன ஆக்சைடுகள் ஒன்று கூடி மேலே வர நேரம் கிடைக்கும். அதிக நேரம் வைப்பதும் தப்பு. கார்பன் குறையும், கிராஃபைட் முளைக்கத் தேவையான கருக்களும் அழியும், அப்புறம் ஓரங்கள் வெள்ளையாகக் கெட்டித்து டிரில் இறங்காது.

ஐந்தாம் படி: வழித்தெடுத்தல்

ஜீரா காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் ஊற்றினால் சர்க்கரையின் அழுக்கு எல்லாம் திரண்டு ஓரத்துக்கு வருமே, அதே வேலையை இங்கே பெர்லைட் தூள் செய்கிறது. அது எரிமலைப் பாறையின் ஒரு வகை. சூட்டில் பொரி மாதிரி உப்பி, ஒட்டும் பசையாகிக் கசட்டைப் பிடித்துக்கொள்ளும். கடையில் ஸ்லாக் பவுடர் என்றே கேட்கலாம்; கோவையிலிருந்து மூட்டையாக வரும். கிடைக்காத நாளில் நன்றாகக் காய்ந்த சிலிக்கா மணலும் ஓரளவு உதவும்.

முதலில் பவரை நிறுத்துங்கள். கரண்டு ஓடும்போது இரும்பு உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும், மேலே வந்த கசட்டை மறுபடி உள்ளே இழுக்கும். கம்பி வழியாக ஷாக் அடிக்கும் அபாயமும் உண்டு. நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு 500 கிலோ உலைக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை தூளை முகம் முழுக்கத் தூவுங்கள். ஒரு இடத்தில் கொட்டினால் அங்கே மட்டும் கட்டியாகும்.

கம்பி கெட்டியான எஃகாக இருக்க வேண்டும், குழாய் கூடாது. முனைக்குச் சுண்ணாம்புக் கரைசலோ கிராஃபைட் கரைசலோ பூசிக் காயவைத்து, உலை வாய்க்கு மேலே பிடித்துச் சூடேற்றிய பிறகே உள்ளே விடுங்கள். சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்து கசட்டை நடுவுக்கு ஒதுக்குங்கள். கம்பியை மெதுவாகச் சுழற்றினால் பஞ்சுமிட்டாய் போல முனையில் சுற்றிக்கொள்ளும். தூக்கிக் காய்ந்த தொட்டியில் தட்டிவிட்டு, மறுபடி தூவி, மறுபடி எடுங்கள். இரண்டு தடவை நிதானமாகச் செய்தால் போதும். அவசரப்பட்டு ஆறு தடவை கிளறினால் புதிதாகக் காற்றுப் பட்டுப் புதிய ஆக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கும்.

ஆறாம் படி: கந்தகம்

குப்போலா இரும்பில் கோக்கிலிருந்து கந்தகம் ஏறும், 0.1 சதவீதம் சகஜம். சும்மா விட்டால் இரும்போடு சேர்ந்து, கடைசியாக உறையும் இடங்களில் தங்கி, சூட்டில் வெடிப்பை உண்டாக்கும். சாதாரணச் சாம்பல் இரும்புக்கு இதை எடுக்கத் தேவையில்லை, கட்டிப்போட்டால் போதும். மாங்கனீசு அதைக் கட்டும். கணக்கு இது: கந்தக சதவீதத்தை 1.7 ஆல் பெருக்கி 0.3 கூட்டுங்கள். கந்தகம் 0.1 என்றால் மாங்கனீசு 0.47 வேண்டும். அதற்காக மாங்கனீசை அள்ளிப் போடவும் கூடாது. இரண்டும் அதிகமாகி, சூடு குறைந்த இரும்பை ஊற்றினால் மாங்கனீசு சல்ஃபைடு கசடோடு சேர்ந்து மேல்பக்கத்தில் வாயு ஓட்டைகளாகத் தங்கும்.

டக்டைல் இரும்பு, அதாவது மக்னீசியம் சேர்த்து எளிதில் உடையாதபடி செய்த வார்ப்பிரும்பு, வார்ப்பவர்களுக்கு இது போதாது. மக்னீசியம் போடும் முன்பே கந்தகத்தை 0.02க்குக் கீழே இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் மக்னீசியம் முழுக்கக் கந்தகத்துக்கே போய்விடும். கால்சியம் கார்பைடு அதற்குப் பயன்படும். மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாக வைப்பார்களே, அந்தக் கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். கார்பைடு கலந்த கசட்டை மழையில் வெளியே கொட்டினால் அங்கேயும் அதே வாயு கிளம்பும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சோடா ஆஷும் (சலவை சோடா) கந்தகத்தை எடுக்கும், ஆனால் லேடில் சுவரை அரித்து, மூச்சு முட்டப் புகைக்கும். எதைப் போட்டாலும் கசட்டை உடனே முழுக்க வழியுங்கள், மிச்சம் வைத்தால் கந்தகம் இரும்புக்கே திரும்பும். சின்னப் பட்டறைக்கு என் யோசனை: டக்டைல் வேண்டுமென்றால் இண்டக்‌ஷன் உலையில் கந்தகம் குறைந்த பிக் அயர்னும் (தாது உருக்கிய கட்டி இரும்பு) சுத்தமான எஃகும் வைத்து உருக்குங்கள், கார்பைடு வம்பே வேண்டாம்.

ஏழாம் படி: லேடிலிலிருந்து அச்சுக்கு

உலையில் எடுத்த சுத்தத்தை லேடிலில் கெடுப்பவர்கள் அதிகம். பழைய பொருக்கைத் தட்டிவிட்டு, சுவரைச் செந்தணலாகச் சூடேற்றிய பிறகே இரும்பைப் பிடியுங்கள். கிராஃபைட் முளைக்கக் கரு கொடுக்கும் இனாகுலன்ட், அதாவது 75 சதவீத ஃபெரோசிலிக்கான், எடையில் 0.2 முதல் 0.3 சதவீதம், காய்ந்த நிலையில், இரும்பு விழும் தாரையிலேயே தூவுங்கள். அடியில் மொத்தமாகக் கொட்டினால் கரையாமல் அதுவே கசடாக மிதக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள், அதன் வேலை அதற்கு மேல் நிற்காது.

லேடிலிலும் ஒரு முறை பெர்லைட் தூவி, அந்த மேலோட்டை அப்படியே விட்டு, மூக்குப் பக்கம் மட்டும் சிறு வாசல் திறந்து ஊற்றலாம். சூடும் நிற்கும், காற்றும் படாது. கெண்டி போல அடியிலிருந்து இரும்பு வரும் டீப்பாட் லேடில் கிடைத்தால் இன்னும் நல்லது.

அச்சில் ஊற்று வாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் மிதக்கும் கசடு சுழலில் சிக்கி உள்ளே இறங்கும். ரன்னரை (இரும்பு ஓடும் வாய்க்கால்) கடைசி கேட்டை (வாய்க்காலிலிருந்து வார்ப்புக்குள் நுழையும் வழி) தாண்டிக் கொஞ்சம் நீட்டி விடுங்கள். முதலில் வரும் குளிர்ந்த, அழுக்கான இரும்பு அங்கே போய் நிற்கட்டும். கேட் ரன்னரின் அடிப்பக்கத்திலிருந்து பிரியட்டும், மிதப்பது மேலேயே தங்கிவிடும். செராமிக் நுரை ஃபில்டர் வைப்பதானால் இரும்புக்கு அங்குலத்துக்குப் பத்துக் கண் உள்ளது சரி. கசட்டை வழிக்காமல் ஃபில்டரை நம்பினால் அது பாதியில் அடைத்து, வார்ப்பு நிரம்பாமல் நிற்கும்.

எட்டாம் படி: உடைத்துப் பார்த்தல்

ஒவ்வொரு ஹீட்டிலும், அதாவது ஒவ்வொரு தடவை உருக்கும்போதும், ஒரு சின்ன ஆப்பு வடிவத் துண்டு ஊற்றுங்கள். உறைந்து நிறம் மங்கியதும் தண்ணீரில் போட்டு உடைத்தால், கூர்முனையில் வெள்ளையும் பின்னால் சாம்பலும் தெரியும். வெள்ளையின் நீளத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் அன்றைய சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். திடீரென்று வெள்ளை நீண்டால் துரு மிகுந்த சரக்கு, அதிக நேரம் சூட்டில் நின்றது, இனாகுலன்ட் மறந்தது என்று மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். முகத்தில் ஓட்டை தெரிந்தால் ஈரத்தையும் அலுமினியத்தையும் சந்தேகப்படுங்கள். ஈயம் இந்த ஆப்பில் தெரியாது. புதிய கடையில் சரக்கு எடுத்தால் முதல் ஹீட்டை மட்டுமாவது ஸ்பெக்ட்ரோவுக்கு அனுப்புங்கள், அந்தச் செலவு ஒரு வாரப் பம்பு உடல்களின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

வழித்த கசடு ஆறியதும் உடைத்து, காந்தத்தால் இழுங்கள். மணி மணியாக இரும்பு வரும். மணலை உதிர்த்து, ஈரம் படாத டப்பாவில் சேர்த்து வைத்தால் அடுத்த ஹீட்டுக்கு ஆகும்.